உப்புக் காற்றில் மூன்று துண்டு முகம்

“எரிக்காதீங்க! ஐயோ, கையை அங்கால எடுங்க! எரிக்காதீங்க!”

டினுஷா கத்திக்கொண்டே ஓடினாள். ஒரு செருப்பு மணலுக்குள் போய்விட்டது. மற்றதை அவளே உதறிவிட்டாள். பனிச்சங்கேணிக் களப்பின் கரையில், கண்டல் மரங்களின் மறைவில், தகரத் தட்டொன்றில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. தட்டின் முன்னால் குந்தியிருந்தவர் கட்டாடியார் அருமைநாயகம். செய்வினை, சூனியம் என்றால் கழிப்புச் செய்து எடுத்துவிடுவதில் வாகரைப் பக்கம் அவரை மிஞ்ச ஆளில்லை. பக்கத்தில் கைகட்டி நின்ற இளைஞன் பிரதீஸ், மீனவர் சங்கத் தலைவரின் வலது கை என்று ஊர் சொல்லும் ஆள்.

கட்டாடியாரின் விரல்களுக்கு இடையில் ஒரு துண்டுப் படம். நெருப்பு அதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டிருந்தது.

டினுஷா பாய்ந்தாள். பிடுங்கினாள். மணலில் போட்டு வெறுங்காலால் மிதித்தாள். சுட்டது. இன்னும் ஓங்கி மிதித்தாள். நெருப்பு அணைந்தது.

“ஆரு நீங்க?” என்றான் பிரதீஸ்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. கண் தட்டின் ஓரத்தைத் தேடியது. நல்ல வேளை, மற்ற இரண்டு துண்டுகளும் அங்கேதான் கிடந்தன. இரண்டிலும் ஒரே முகம். கறுப்பு வெள்ளையில், பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண். ஆனால் முகத்தின் ஒரு பாதிதான் சிரித்தது. மறுபாதி கறுப்பு நாடாவால் மூடப்பட்டிருந்தது. நெற்றியின் நடுவில் குண்டூசி குத்திய துளை.

“இது எங்கட அம்மா,” என்றான் பிரதீஸ். “கருவாட்டுக் கொட்டில் சன்னல்ல கெடந்த. நான் அங்கால போறதில்ல, நேத்துத்தான் கண்ட. நெத்தியில ஊசி ஏத்தி, பாதி மூஞ்சிய இருட்டாக்கி, மூண்டு துண்டு. வேலையுண்டு தானுண்டு எண்டு இரிக்கிற மனிசிக்கு ஆரோ செய்வினை வெச்சிரிக்கானுகள். சங்கத் தலைவர்தான் சொன்னாரு, கட்டாடியாரைக் கூப்பிடு எண்டு.”

“செஞ்ச ஆள் ஆரெண்டு இப்பத் தெரிஞ்சிரும் மனே,” என்றார் கட்டாடியார், கண்ணை மூடியபடி. “கழிப்பு நடக்கிற எடத்துக்கு அந்த ஆள் தானா ஓடி வரும்.”

கண்டல் கிளையில் ஒரு மீன்கொத்தி கத்திவிட்டுப் பறந்தது.

கட்டாடியார் மெல்லக் கண்ணைத் திறந்தார். பிரதீஸ் மெல்லத் திரும்பினான். இருவரும் டினுஷாவின் வெறுங்காலைப் பார்த்தார்கள். பிறகு முகத்தைப் பார்த்தார்கள்.

“அது... வந்து...” என்றாள் டினுஷா. “நான்தான் செஞ்ச.”

*

அதைச் சொல்லும்போதே அவளுக்கு நாக்கைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது. இதற்கு மேல் ஒரு சொல் பேசினாலும் கொடுத்த வாக்கு உடைந்துவிடும்.

வாக்கு கொடுத்தது பங்குனியில். மட்டக்களப்பு நகரில், வாவியைப் பார்த்த சந்தொன்றில் இருக்கிறது டினுஷாவின் அச்சுக்கடை. அவள் படம் எடுப்பதில்லை. மற்றவர்கள் எடுத்த படங்களை நல்ல தாளில், நல்ல மையில் பெரிதாக அடித்துக் கொடுப்பாள். கடை வாசலில் ஒரு பலகை: ‘நிறம் மாறாத படங்கள்’. ஊர் அதை நம்பவில்லை. “பிரிண்டர்ல அடிக்கிறதுதானே, மழைக்குக் கரையும்” என்று அவள் காதில் விழவே சொல்லிவிட்டுப் போவார்கள்.

அன்று ஒரு பெண் பலகையைச் சத்தம் போட்டு வாசித்துவிட்டு உள்ளே வந்தாள். வாகரையில் சொந்த வள்ளம் வைத்திருக்கும் புஸ்பம். கருவாட்டு வியாபாரம். கதவுக்குள் வந்தவுடனே கடை முழுதும் அவள் குரல்தான்.

“நிறம் மாறாதோ?”

“மாறாது அக்கா.”

“ஆரு சொன்ன?”

“நான்தான் சொல்றன்.”

புஸ்பத்துக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைத்தொலைபேசியை நீட்டினாள். வள்ளத்தின் முன்னால் நின்று, காற்றில் தலைமயிர் பறக்கச் சிரிக்கும் படம்.

“இது கறுப்பு வெள்ளையில வேணும். பெருசா. தொங்கப் போற எடத்துல உப்புக் காத்து அடிக்கும். சன்னல் வெயில் நேரா முகத்துல விழும். கச்சான் காத்துக் காலத்துல அனல் பறக்கும். நூறு வருசம் அப்புடியே இரிக்கணும்.”

“எங்க தொங்கப் போகுது?”

“சுவர்ல.”

“எந்தச் சுவர் அக்கா?”

“நீ தாளைப் பாரு புள்ள. சுவரை நான் பாத்துக்கிறன். ஆணிகூட அடிச்சிரிக்கு.” பிறகு குனிந்து குரலைத் தணித்தாள். “எங்கட மீனவர் சங்கக் கட்டடத்துல பழைய தலைவர்மாரிட படம் தொங்குது. எங்கயோ கொண்டுபோய் அடிச்சது. எல்லாம் கறுப்பு வெள்ளைதான். இப்ப பாத்தா மூஞ்சியெல்லாம் பச்சை பத்திப்போய், பாசி புடிச்ச பாறை மாதிரி நிக்கானுகள். என்ட மூஞ்சி அப்புடி ஆகிச்சோ, வந்து உன்ட பலகையக் கழட்டுவன்.”

“நீங்க வரத் தேவல்ல அக்கா. நானே கழட்டி வாவிக்குள்ள வீசுறன்.”

சொன்ன பிறகுதான் டினுஷாவுக்கு உறைத்தது. வாகரைக் காற்றில் அவளுடைய எந்தப் படமும் இன்னும் நின்று காட்டவில்லை.

மூன்று தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். முதலாவது பளபளவென்று பிளாஸ்டிக் பூசிய தாள், கலியாண வீட்டு அல்பங்களுக்குப் போவது. இரண்டாவது தடித்த பருத்தித் தாள், மினுக்கம் இல்லாதது, பாலில் ஒரு சொட்டுத் தேத்தண்ணி விட்ட நிறம். மூன்றாவதும் மினுக்கம் இல்லாததுதான், ஆனால் சலவைக்குப் போய் வந்த வேட்டியைப் போல வெள்ளை.

புஸ்பம் கருவாடு வாங்குவதுபோல ஒவ்வொன்றையும் வளைத்தாள், தடவினாள், மோந்து பார்த்தாள். விரல் பளபளப்பில் போய் நின்றது. “இதுதான் வடிவு. அந்த நடுவுல உள்ளது என்ன, முதலே பழசாகிப்போன மாதிரிக் கெடக்கு?”

டினுஷா மேசை லாச்சிக்குள்ளிருந்து சின்ன ஊதா லைற் ஒன்றை எடுத்தாள். அவள் கணவன் நோபேட் வங்கிக் காசாளன். கள்ளக் காசுத்தாள் பிடிக்கிற லைற் அது. கதவைச் சாத்தி, மூன்று தாள்களிலும் அடித்துக் காட்டினாள். முதலாவதும் மூன்றாவதும் நீலமாகக் குபீரென்று ஒளிர்ந்தன. பருத்தித் தாள் அசையாமல் கிடந்தது.

“இந்த ரெண்டும் பவுடர் பூசின வெள்ளை அக்கா. வெள்ளையாக் காட்ட ஒரு மருந்து சேர்த்திரிக்கு. அந்த மருந்து வெயிலுக்குச் செத்துப் போகும். செத்தாத் தாள் மஞ்சளாகும், படமும் மங்கிரும். நடுவில உள்ளது பவுடர் பூசாத மூஞ்சி. இண்டைக்கு எப்பிடியோ, நாளைக்கும் அப்பிடித்தான். இதெல்லாம் தாள் செய்யிற ஆக்கள் சொல்றது. உங்கட காத்துக்கு எது நிக்குமெண்டு உங்கட காத்துத்தான் சொல்லணும்.”

அப்படித்தான் மூன்று துண்டுகள் பிறந்தன. ஒரே படம், ஒரே மை, மூன்று தாள். ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்பு நாடாவால் மூடி, பின்னால் பென்சிலால் இலக்கம் போட்டுக் கொடுத்தாள். கடற்பக்கச் சன்னலில் குத்தி வைக்க வேண்டும். ஆவணிக் கடைசியில் எடுத்துப் பார்த்து, வென்ற தாளில் பெரிய படம். அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு காலை படம் புஸ்பத்தின் கையில் இருக்க வேண்டும்.

போகும்போது புஸ்பம் கதவில் நின்று திரும்பினாள். “என்ட மகன் பிரதீசுக்கு இது ஒரு சொட்டும் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு.”

“ஏன் அக்கா?”

“சத்தியம் பண்ணு எண்டா பண்ணு.”

டினுஷா சத்தியம் பண்ணினாள். இன்று அந்தத் துண்டுகளை எடுக்கத்தான் வந்தாள். புஸ்பம் வாழைச்சேனைச் சந்தையில் நின்றாள். நீயே போய் எடு என்று தொலைபேசியில் சொல்லிவிட்டாள். கொட்டிலில் சன்னல் வெறுமையாகக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரி கரையைக் காட்டினாள்: “பிரதீஸ் தம்பி என்னமோ படத்தை எரிக்கப் போன.”

*

“எங்கட அம்மா உங்களுக்கு என்ன அநியாயம் செஞ்ச?” என்றான் பிரதீஸ்.

“செய்வினை இல்ல தம்பி. இது தாள் சோதனை.”

“தாளைச் சோதிக்க அம்மாட மூஞ்சி என்னத்துக்கு?”

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல முடியாத கேள்வி. டினுஷா மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். “மூஞ்சி கெடக்கட்டும். முதல்ல தாளைப் பாருங்க.”

முதல் துண்டைத் திருப்பினாள். இலக்கம் ஒன்று. நாடாவை நகத்தால் கிளப்பி மெல்ல இழுத்தாள். பளபளத்தாள் உப்புப் பட்டு நண்டுச் சதைபோலப் பிசுபிசுத்தது. மூடியிருந்த பாதி பங்குனியில் இருந்தபடியே இருந்தது. திறந்த பாதியில் புஸ்பத்தின் கன்னம் மஞ்சள்காமாலை வந்தவளைப்போல. மூக்கின் மேல் பூச்சு வெடித்து ஓடியிருந்தது.

அடுத்ததைத் திருப்பினாள். இலக்கம் மூன்று. அப்படியென்றால் எரிந்தது இரண்டு. பருத்தி. மூன்றாவதின் நாடாவை இழுத்தாள். வெடிப்பு இல்லை. ஆனால் திறந்த பாதி தேத்தண்ணி ஊற்றிய மேசைத்துணி. நாடா ஓரம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் வெள்ளை, இந்தப் பக்கம் பழுப்பு.

கட்டாடியார் கற்பூரத்தை மறந்துவிட்டார். கழுத்து நீண்டுகொண்டு வந்தது. “ஏன்கா பாதிய மட்டும் மூடின?”

“வெயில் படாத பாதி முந்தி இருந்த மாதிரியே நிக்கும். பட்ட பாதியப் பக்கத்துல வெச்சுப் பாக்கலாம். வித்தியாசம் இல்லாட்டித் தாள் வெண்டுது.”

“ஓகோ. பாதி சாட்சி, பாதி எதிரி.”

“அப்பிடித்தான் ஐயா. சால்வையைக் கொஞ்சம் தாறீங்களா? இருட்டு வேணும்.”

கட்டாடியாரின் சால்வையை மூவர் தலைக்கும் மேலாகப் போர்த்தினாள். உள்ளே வேர்வையும் விபூதியும் மணத்தன. பையிலிருந்து ஊதா லைற்றை எடுத்துத் தட்டினாள். முதலாம் துண்டின் மூடியிருந்த பாதி நீலமாக ஒளிர்ந்தது. திறந்திருந்த பாதி இருண்டு கிடந்தது.

“முருகா!” என்று கட்டாடியார் பின்னால் சாய்ந்தார். “பேய் வெளிச்சம்!”

“பேய் இல்ல ஐயா. தாளுக்குப் பூசின பவுடர். வெயில் தின்ட பக்கத்துல பவுடர் செத்துப் போச்சு, பாருங்க.”

“நான் பேய விரட்டுறதுக்கு அஞ்சாறு மந்திரம் சொல்றன். வெயில் ஒண்டும் சொல்லாம விரட்டியிருக்கே,” என்றார் அவர், உண்மையான வியப்போடு.

இனி எரிந்த துண்டு. மிச்சம் இருந்தது தீப்பெட்டி அளவு மூலை. ஒரு காது, காதில் தோடு, கொஞ்சம் தலைமயிர். ஆனால் கடவுள் கண்ணைத் திறந்துதான் இருந்தார். நாடாவின் ஓரம் அந்தக் காதின் நடுவே போயிருந்தது. மூடிய பக்கம் ஒரு விரலகலம், திறந்த பக்கம் ஒரு விரலகலம்.

டினுஷா நாடாவை மெல்ல இழுத்தாள்.

எந்தக் கோடும் இல்லை. சால்வைக்கு வெளியே கொண்டுவந்து சூரியனில் பிடித்தாள். சரித்துப் பார்த்தாள். காதின் அரைப் பங்கு எங்கே முடிந்தது, மற்ற அரைப் பங்கு எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. அதே கறுப்பு. அதே பால் நிறம். உப்பு, கச்சான், வெயில், கடைசியில் கட்டாடியாரின் கற்பூரம். எல்லாம் பார்த்துவிட்டு அந்தத் தோடு இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

“வெண்டுட்டு! வெண்டுட்டு!” டினுஷா எழுந்து மணலில் வெறுங்காலோடு குதித்தாள். பலகை பிழைத்தது. “ஐயா, நீங்க எரிச்சும் சாகல்ல இது!”

“எல்லாம் சரி,” என்றார் கட்டாடியார், தொழில் மானத்தை விடாமல். “நெத்தியில ஊசி? ஆராவது நெத்தியில ஊசி குத்துவாங்களா?”

“நான் மேல ஓரத்துலதான் குத்தச் சொன்ன ஐயா. புஸ்பம் அக்காதான் அவசரத்துல நெத்தியில...”

நிறுத்தினாள். பிந்திவிட்டது.

“அம்மாவா குத்தின?” என்றான் பிரதீஸ். “அப்ப அம்மாக்கு இது தெரியும்.”

டினுஷா களப்பைப் பார்த்தாள்.

“அம்மாதான் உங்கள்ட்ட வந்த. அம்மாதான் படம் கேட்ட. கறுப்பு வெள்ளையில. பெருசா. எனக்கு ஒளிச்சு.” ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. பருத்தித் தாளின் பால் நிறம் அல்ல, மூன்றாம் தாளின் சலவை வெள்ளை. “அக்கா, எங்கட ஊட்டுல கறுப்பு வெள்ளைப் பெரிய படம் ஒண்டுதான் இரிக்கு. அப்பாட. மாலை போட்டு, சிவப்பு பல்ப் எரியுது. அம்மாக்கு என்ன வருத்தம், என்ன நோய்?”

“தம்பி, எனக்குத் தெரியா. சத்தியமா.”

“எவ்வளவு காலம் இரிக்கணும் எண்டு கேட்ட?”

டினுஷா கையிலிருந்த எரிந்த மூலையைப் பார்த்தாள். “நூறு வருசம்.”

பிரதீஸ் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். கட்டாடியார் தட்டை ஊதி அணைத்தார். அவன் தோளில் கை வைத்தார். “செய்வினை எண்டா நான் எடுப்பன் மனே. வருத்தம் எண்டாப் பெரியாசுபத்திரிதான்.”

*

வீடு திரும்பும் வழியெல்லாம் டினுஷா அதையே நினைத்தாள். ஆணி அடித்தாயிற்று என்றாளே. மகனுக்குத் தெரியக் கூடாது என்றாளே. நல்ல தாளைக் கண்டுபிடித்த மகிழ்ச்சிக்குள் ஒரு முள் கிடந்து குத்தியது.

மூன்றாம் நாள் புஸ்பமே தொலைபேசி எடுத்தாள்.

“புள்ள, என்ட மகனுக்கு என்னமோ புடிச்சிட்டு. நான் எழும்ப முதல் தேத்தண்ணி போட்டுத் தாறான். கூடையத் தூக்க விடுறானில்ல. நேத்து கோழிச்சூப்பு வெச்சுத் தந்தான். ராவைக்கு என்ட காலப் புடிச்சி விட்டான். சித்தாண்டியில இரிக்கிற என்ட தங்கச்சி வேற முருகன் கோயில்ல நேத்தி வெச்சிட்டு, விபூதியோட வந்து குந்தியிரிக்கா. என்னப் பாக்கிறா, அழுறா. என்னப் பாக்கிறா, அழுறா. ஆரும் எங்கட குடும்பத்துக்குச் செய்வினை கிய்வினை வெச்சிட்டானுகளோ?”

டினுஷா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கேட்டாள். “அக்கா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்டும் இல்லையே?”

“எனக்கா? கல்லுமாதிரி இரிக்கன். ஏன் கேக்கிறா?”

எல்லா நோயாளியும் அப்படித்தான் சொல்வார்கள் என்று டினுஷாவின் மனம் முனகியது.

சனிக்கிழமை பகல். பருத்தித் தாளில் பெரிய அளவுத் தாள் ஒன்றே ஒன்றுதான் கையில் இருந்தது. மற்றது கொழும்பிலிருந்து வர வேண்டும். ஒன்றுதான் வாய்ப்பு. அதில் இன்னொரு கண்டம்: அந்தத் தாளில் ஒரு பக்கம்தான் மையைப் பிடித்து வைக்கும். மறுபக்கம் அடித்தால் படம் மழையில் நனைந்த சேறுபோல ஊறிப் பரந்துவிடும். கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

டினுஷா கீழுதட்டை நாக்கால் நனைத்தாள். தாளின் ஓரத்தை உதட்டில் வைத்தாள். ஒட்டவில்லை. திருப்பி வைத்தாள். மெல்ல ஒட்டியது. மை குடிக்கும் பக்கம் அதுதான்.

சாப்பிட வந்த நோபேட் கதவில் நின்றான். “ஓ. தாளுக்கெல்லாம் முத்தம் கிடைக்குது. இஞ்ச ஒருத்தன் வெயிலுக்கால வந்து நிக்கிறன்.”

“நீங்க நூறு வருசம் நிறம் மாறாம இருப்பீங்களா?”

“தலைமயிர் மட்டும் மாறும்.”

“அப்ப சோத்தைத் தின்னுங்க.”

அச்சுப்பொறி முனகத் தொடங்கியது. வரி வரியாக வந்தாள் புஸ்பம். முதலில் காற்றில் பறக்கும் மயிர். பிறகு நெற்றி, இம்முறை ஊசி இல்லாமல். கண். பல். நோபேட் சோற்றுக் கோப்பையோடு வந்து குனிந்தான். “பளபளத்தாள்ல கறுப்பு இன்னும் ஏறி நிக்கும், என்ன?”

“நிக்கும். ஒரு வருசத்துக்கு. இது பளபளக்காத கறுப்பு நோபேட். மழைக்கு முதல் வாவி எப்பிடி இரிக்கும், அந்தக் கறுப்பு.”

அவன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தான். “சாகப் போற மனிசி இப்பிடியா சிரிக்கும் டினு?” என்றான். டினுஷா படத்தை எடுத்து மேசையில் காய வைத்தாள். படம் காய்ந்ததும், கண்ணாடி முகத்தில் முட்டாமல் இடையில் ஓர் அட்டைச் சட்டம் கொடுத்து, பின்பக்கத்தைக் காற்றுப் புகாமல் ஒட்டி, துணியில் சுற்றினாள்.

*

ஞாயிறு காலை நோபேட்டின் மோட்டார் சைக்கிள் புஸ்பத்தின் முற்றத்தில் நின்றபோது, அங்கே ஒரு சனக்கூட்டம் நின்றது. சித்தாண்டிச் சித்தி விபூதித் தட்டோடு. அக்கம்பக்கத்தார். கட்டாடியார் அருமைநாயகம், தொழிலுக்காக அல்ல, பார்ப்பதற்காக. பிரதீஸ் சிவந்த கண்ணோடு தூணில் சாய்ந்து நின்றான்.

புஸ்பம் புதுச் சீலை கட்டி, கொண்டையில் பூ வைத்து வெளியே வந்தாள். கூட்டத்தைப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். “ஆரு செத்த?”

சித்தி பொங்கி அழுதாள்.

“வாயப் பொத்துகா! நல்ல நாளும் அதுவுமா அழுறா.” புஸ்பம் டினுஷாவின் கையிலிருந்த பொதியை வாங்கினாள். துணியை உரித்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து இன்னொரு புஸ்பம் அவளைப் பார்த்துச் சிரித்தாள். “எந்தத் தாள் புள்ள?”

“பவுடர் பூசாதது அக்கா. நெருப்பையும் பாத்திட்டு வந்தது.”

“நெருப்போ?”

“அது பெரிய கதை,” என்று கட்டாடியார் அவசரமாக இருமினார்.

புஸ்பம் படத்தைத் தலையில் வைத்தாள், மீன்கூடையை வைப்பதுபோலவே. “நடவுங்க எல்லாரும். சுவருக்குப் போவம்.”

“எந்தச் சுவருக்கம்மா?” பிரதீசின் குரல் உடைந்தது. “அப்பாட படத்துக்குப் பக்கத்துலதானே...?”

“உன்ட அப்பாக்குப் பக்கத்துல நான் இரிந்தது போதும்டா. வா!”

ஊர் பின்னால் வந்தது. சித்தி அழுதுகொண்டு வந்தாள்; என்ன ஊர்வலம் என்று தெரியாமல் வழியில் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். புஸ்பம் கடற்கரை வீதியால் நடந்து, மீனவர் சங்கக் கட்டடத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தாள். மாதாந்தக் கூட்டத்துக்காக உறுப்பினர்கள் நீள வாங்குப் பலகைகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் தலைவர் தங்கராசா தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனபடி உறைந்தார்.

அவருக்கு மேலே அந்தச் சுவர். வரிசையாகத் தலைவர்கள். புஸ்பம் சொன்னது கொஞ்சமும் மிகையில்லை. ஒருவர் பச்சை, ஒருவர் ஊதா, ஒருவருக்கு மீசை மட்டும்தான் மிச்சம். தங்கராசாவின் சொந்தப் படமே பாசிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. அதற்குப் பக்கத்தில், கடற்பக்கச் சன்னலுக்கு நேரே, வெறும் ஆணி ஒன்று.

“புஸ்பம்,” என்றார் தங்கராசா. “அந்த ஆணி அடுத்த தலைவருக்கெண்டு அடிச்சது.”

“ஓம் மச்சான். தெரியும்.”

“பொம்புளையிட படம் இந்தச் சுவர்ல ஏறினதில்ல.”

“அதுவும் தெரியும். அதான் நல்ல தாள்ல அடிச்சுக் கொண்டு வந்திரிக்கன்.” அவள் வாங்கில் ஏறினாள். ஆணி ஆடியது. “மனே, ஒரு கல்லெடு.”

பிரதீசுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. நூறு வருசம். ஆணி. சுவர். அம்மாவுக்கு வருத்தம் இல்லை. அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை! அவன் வெளியே ஓடினான், கல்லோடு ஓடி வந்தான், தாயோடு வாங்கில் ஏறினான், அழுகையும் சிரிப்புமாக ஆணியை அடித்து இறுக்கினான். ஊரெல்லாம் தங்கராசாவின் வலது கை என்று சொல்லும் அதே கை; அந்தக் கைக்குத்தான் புஸ்பம் இவ்வளவு நாளும் ஒளித்தாள். தங்கராசா பார்த்துக்கொண்டே இருந்தார்.

படம் தொங்கியது. கடற்பக்கச் சன்னலிலிருந்து வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. டினுஷா கதவடியில் நின்று பார்த்தாள். பாசியும் ஊதாவுமான அந்த வரிசையின் முடிவில், மழைக்கு முந்திய வாவியின் கறுப்பும் பாலின் வெள்ளையும். விழட்டும் வெயில், என்று நினைத்தாள். எவ்வளவு வேண்டுமானாலும் விழட்டும்.

“கொடுத்து வெச்ச மூஞ்சி,” என்றார் கட்டாடியார். சித்தி இப்போது மகிழ்ச்சியில் அழுதாள். வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. வாங்கிலிருந்த மீனவர்களில் ஒருவர் கைதட்டத் தொடங்க, மற்றவர்களும் தட்டினார்கள்.

“ஆனா புஸ்பம், இன்னும்...” என்று தங்கராசா எழும்பினார்.

“தேத்தண்ணியக் குடிங்க மச்சான். ஆறுது.”

பிரதீஸ் தாயின் தோளைப் பிடித்தான். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. வாய் காதுவரை போயிருந்தது. “அம்மா, நீங்க தலைவியா! எனக்கு ஒரு சொல்லுச் சொன்னீங்களா? எப்ப எலெக்சன் நடந்த? நான் எங்க போயிரிந்த?”

புஸ்பம் வாங்கிலிருந்து இறங்கினாள். படம் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். சீலைத் தலைப்பால் கண்ணாடியில் இருந்த ஒரு விரல் அடையாளத்தைத் துடைத்தாள்.

“எலெக்சனா?” என்றாள். “அது வாற மாசந்தானே மனே.”